எந்த மணல்?

தூலோனுக்கு லைன்
மூன்றாம் முறைதான் கிடைத்தது.
கண்ணாடிக் கூண்டுக்குள் எமில்தா.
வெளியே நான், மீட்டரின் சிவப்பு எண்கள்,
நேரு வீதியை விட்டு இன்னும் போகாத போகிப் புகை.
நாளையோடு கெடு முடிகிறது என்கிறது
பக்கத்துக் கடை ரேடியோ.

எனக்குக் கேட்பது பாதிப் பேச்சு.

"பச்சை லாரியெல்லாம் மணல் நிறமா?
யாரு, நீங்களேவா அடிக்கிறீங்க?"

பதினெட்டு வருசச் சொல்தா, மெக்கானிக்.
முழங்கை வரை பெயின்ட் என்று
நானாக வரைந்துகொள்கிறேன்.

"என்னது, பொம்பளைங்க காலுறையா?
காத்து வடிகட்டி மேலயா?"
சிரிக்கிறாள். கண்ணாடியில் ஆவி படிகிறது.
இஞ்சின் மணலைக் குடிச்சிடக் கூடாதாம்,
கதவைத் திறந்து என்னிடமும் சொல்கிறாள்.

இருநூற்றுப் பத்து.

"மீசையை எடுத்தாச்சா? முகமூடிக்கா?
அப்போ போட்டோ அனுப்பாதீங்க."

பிறகு வெறும் ம், ம்.
ம்முக்கும் காசு ஓடுகிறது.

"வண்டி கப்பல்ல போவுது, சரி.
நீங்க?"
என்ன சொன்னாரோ,
ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.
"எந்த மணல்ங்க?
வைத்திக்குப்பம் மணல் மாதிரியா,
இன்னும் வெளுப்பா?"

லைன் அறுந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு.
பன்னிரண்டு வேண்டாம் என்றேன்.
காதில் வாங்காமல் சில்லறையாக எண்ணி வைத்தாள்.

ஷட்டர் இறக்குமுன் கூண்டைப் பெருக்கினேன்.
அவள் செருப்பு உதிர்த்தது, ஒரு சிட்டிகை.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
இன்ன நிறம் என்று
சொல்ல வரவில்லை.