எண்ணெய் பிரியும் பக்குவம்

புக்கிட் ரோத்தானில்
எந்தப் பக்கம் கல்லெறிந்தாலும்
செம்பனையில்தான் விழும்.
என் பர்கர் கடையைக் கடக்கிற டேங்கர் லோரி
எண்ணெய் ஏற்றித்தான் போகிறது.
அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு
சரியான எண்ணெய் கிடைக்கவில்லை என்றேன்.
ஆ சூன் தவுக்கே சிரித்த சிரிப்பில்
கல்லாவில் சில்லறை குலுங்கியது.

மயோனிஸ் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.
முட்டை மஞ்சள், எலுமிச்சை,
கடுகு விழுது ஒரு கரண்டி,
சொட்டுச் சொட்டாய் எண்ணெய் விட்டு அடி,
அவ்வளவுதான் என்றாள் காக் ரொக்கியா.
எந்த எண்ணெய் என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

முதலில் நல்லெண்ணெய்.
சனிக்கிழமை தலைமுழுகின வாசனையோடு
பர்கர் போனது.
பையன்கள் முகர்ந்து பார்த்துவிட்டு
கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள்.
தேங்காயெண்ணெய்,
காலையில் பார்த்தால் மெழுகுவத்தி.
நாத்தனார் கிள்ளானிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெய்
பச்சையாய், பெருமையாய் இருந்தது;
மிக்சியில் சுற்றியதும்
வேப்பங்கொழுந்தாய்க் கசந்தது.
முப்பத்தெட்டு வெள்ளி.
கொட்ட மனசு வராமல்
மூன்று நாள் நாங்களே ரொட்டியில் தடவித் தின்றோம்.

பிறகுதான் பாக்கெட் எண்ணெய்.
இரண்டரை வெள்ளி, நம்ம ஊர்ச் சரக்கு.
என்னமாய்த் திரண்டது!
கரண்டியை நட்டுவைத்தால் நின்றது.
இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஞானசீலன்
ஒரு விரல் வழித்து நக்கினான்.
'என் எண்ணெய்' என்றான்,
ஆலையே அவன் பெயரில் இருப்பதுபோல.

மறுநாள் குளிர்ப்பெட்டியைத் திறந்தால்
மணல் மணலாய் உறைந்து கிடந்தது.
வெளியே வைத்த கொஞ்ச நேரத்தில்
மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம்,
கட்டி ஒரு பக்கம்.
ஜாடிக்குள் ஒரு விவாகரத்து.

ஜாடியை அவனிடம் நீட்டினேன்.
பதினாறு வருடம்
குலை அவித்து, பிழிந்து, வடித்த கை
அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.
'சூட்டில் பிறந்தது இது.
குளிரில் வைத்தால்
போர்வையை இழுத்து மூடிக்கும்.
அதுமேல என்ன கோபம்?'
சொல்லிவிட்டு
பசியாறாமல் படுக்கப் போனான்.

கோலசிலாங்கூர் போய்
சூரியகாந்தி எண்ணெய் வாங்கினேன்.
மணம் இல்லை, முறைப்பு இல்லை,
குளிருக்கு அஞ்சவும் இல்லை.
வந்த இடத்தில் வாய் திறக்காத விருந்தாளி.
மயோனிஸ் வெள்ளையாய், வழுவழுவென்று,
நாலு நாள் அசையாமல் இருந்தது.
போத்தலை மட்டும்
அவன் கண்ணில் படாமல்
அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன்.
எண்ணெய் ஊரில்
எண்ணெயை ஒளித்துவைத்தவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண்டுபிடித்துவிட்டான்.
எப்போது என்று தெரியாது.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஓய்வு நாளில் அவனே குவாலியை ஏற்றி
பாக்கெட் எண்ணெயைத் தாராளமாய்ச் சாய்த்தான்.
காய்ந்த மிளகாய் விழுது, வெங்காயம்,
சுட்ட பெலாச்சான் ஒரு துண்டு.
கிண்டிக்கொண்டே இருந்தான்.
கண்ணில் நீர் வழிந்தது, மிளகாய்க் கார்ப்பு.
விழுது எண்ணெய் முழுவதையும் குடித்தது.
நெடுநேரம் கழித்து,
குடித்ததை மெல்லத் திருப்பித் தந்தது.
ஓரமெல்லாம் சிவப்பாய் மிதந்தது.

'பிரிஞ்சிருச்சு' என்றான்.

அதே சொல்தான்.
வெள்ளையில் கேட்டால் நெஞ்சு பதறும் எனக்கு.
சிவப்பில் கேட்டதும்
அடுப்பை அணைத்தேன்.

இப்போது கடையில் இரண்டு போத்தல்.
நேற்று ஒரு பையன் கேட்டான்,
'அக்கா, இந்த சம்பாலில் என்ன எண்ணெய்?'
டேங்கர் ஒன்று போய்க்கொண்டிருந்தது,
மேசை அதிர.
கரண்டியால் அதைக் காட்டினேன்.

வெள்ளையைப் பற்றி
அவன் கேட்கவில்லை.