அவிதல்

தலைநகரிலிருந்து லாரியில்
பதினோரு நாள் மணல் தின்று வந்து சேர்ந்தது படிவம்.
திபெஸ்தி மலைகள் என்று தலைப்பு.
கீழே இரண்டே கட்டம்:
எரிபவை. அவிந்தவை.

பர்தாய் அலுவலகத்தில் நானும் ஒரு மேசையும்
இறக்கை ஒடிந்த விசிறியும்.
எமி கூசியை அவிந்தவையில் போட்டேன்.
அதன் வாய்க்குள் ஓர் ஊரையே இறக்கி வைக்கலாம்,
புகை கண்டவர் யாருமில்லை.
நேட்ரான் பள்ளம், அதுவும் அவிந்ததே.
அடியெல்லாம் வெள்ளை உப்பு,
பாலில் விழுந்த ஈக்களாய் நடுவில் கரிய குன்றுகள்.

தூசிதேயில் பேனா நின்றது.
உச்சி விரிசல்களில் ஆவி.
ஒட்டகம் தொலைத்தவர்கள் அங்கே
குளிர்காய்ந்துவிட்டு இறங்குகிறார்கள்.
எரிகிறதா என்றால், இல்லை.
இல்லையா என்றால், கை சுடுகிறது.

சோபோரோம் இன்னும் மோசம்.
போன மாதம்தான் முட்டிவலிக்கு
அந்த வெந்நீர்க் குழியில் கிடந்து வந்தேன்.
பக்கத்தில் சேறு கொப்பளித்தபடி இருந்தது.
கந்தக வாடை ஒரு வாரம் சட்டையை விடவில்லை.
துணியில் கட்டி இறக்கிய ஆட்டிறைச்சி
பேச்சு முடியுமுன் அவிந்துவிட்டது.
அவிந்த மலை அவிக்கிறது.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

அப்போதுதான் அஷ்தா வந்தாள்,
என் தம்பி தோகோயின் மனைவி.
மிஸ்கி தங்கக் குழிக்கு அவன் போய்
மூன்று பேரீச்சை அறுவடை கழிந்துவிட்டது.
அவள் கையிலும் ஒரு தாள், ரேஷனுக்காம்.
கணவர்: உயிருடன் / இறந்தார்.
பொருந்தாததை அடிக்கவும்.

"எழுதத் தெரிந்தவன் நீ. நீயே அடி."

குழி சரிந்தது என்றான் ஒருவன்.
சபாவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான் என்றான் இன்னொருவன்.
அவன் செருப்பில் சேரும் மணலைத்
தினமும் தட்டிவிட்டு வைக்கிறாள் இவள்.

பேனாவை மூடினேன், திறந்தேன்.
என் படிவத்தை எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள்.
சொன்னேன்.
"மலைக்குமா ரேஷன்?"
சிரித்துவிட்டாள். நானும்.
சிரிப்பு நின்றபோது தாளை நாலாக மடித்து
முந்தியில் முடிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை லாரி திரும்பியது.
இரண்டு மலைக்கு இடம் காலியாகவே
படிவத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன்.
தூசிதே வழியாகத்தானே போவாய்,
ஆவி வருகிறதா, பார்த்திருக்கிறாயா என்றேன் ஓட்டுநரிடம்.

விடியுமுன் குளிரில் தெரியும் என்றான்.
வெயில் ஏறிவிட்டால்
வெறும் மலை.