பதினொரு விறகுக் கட்டைகள்

பள்ளிக்கூடத்து விறகுக்குக் கணக்கு நான்.
அந்த மார்ச் இரவில்
என்னை வெளியே போகச் சொல்ல
அவர்களுக்கு வாய் வராததற்கு அதுதான் காரணம்.
ஓட்டு இல்லாதவள்தான்.
ஆனாலும் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

விஸ்கான்சினில் பனி பாதி உருகி
மீதிக்கு மனசு வராமல் கிடந்தது.
ஐம்பது ஆண்கள்
ஏழு வயசுப் பிள்ளைகளின் பெஞ்சுகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.
இதற்கு மேல் அடிமை கிடையாது என்று
இவர்களின் அப்பாக்கள் காலத்தில் கிழித்த கோடு.
வாஷிங்டனில் இப்போது
அதை அழித்துக்கொண்டிருந்தார்கள்.

எலிஹு பார்ம்லி எழுந்தார்.
இருபது வருஷமாக விக் கட்சி.
"செத்துப்போச்சு" என்றார்,
வயதான எருதைப் பற்றிச் சொல்கிற குரலில்.
உட்கார்ந்து வெகுநேரம் மூக்கைச் சிந்தினார்.
அவர் கல்யாணத்தில்கூட
இத்தனை பேர் அவரையே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜனநாயகக் கட்சியை விட்டு வந்த ஆசஹெல் கிரேன்
தொப்பியைக் கழற்றவே இல்லை.
எழுந்து போய்விடலாம் என்று
கடைசிவரை நினைத்திருப்பார்.

நான் கரும்புச் சர்க்கரை தொட்டு ஒன்பது வருஷம்.
மேப்பிள் பாகுதான், அதுவும் தீர்ந்தால் வெறும் தேநீர்.
பருத்தி உடுத்துவதில்லை.
கோடையிலும் கம்பளி, அரிக்கும்.
சாட்டைக்குக் கீழே விளைந்தது
என் தோலைத் தொட வேண்டாம், அவ்வளவுதான்.
ஊரில் இதை யாரும் அரசியல் என்று சொன்னதில்லை.
தேர்சாவின் வீம்பு என்றார்கள்.

பத்து மணிக்குக் கை தூக்கச் சொன்னார்கள்.
எல்லாக் கைகளும் எழுந்தன.
அந்தக் கைகளை எனக்குத் தெரியும்.
ஒன்று, தப்பி வந்தவன் ஒருவனை
வைக்கோலுக்கு அடியில் இரண்டு இரவு மூடி வைத்த கை.
ஒன்றுக்கு கான்சாஸில் மலிவாக நிலம் வேண்டும்,
பக்கத்து வயலில் கறுப்பு முகமே வேண்டாம்,
அடிமையானாலும் சரி, விடுதலையானவனானாலும் சரி.
ஒன்றுக்கு ஐரிஷ்காரன் சாராயக்கடை மேல் கோபம்.
ஒன்று, பக்கத்தில் இருப்பவர் தூக்கியதால் தூக்கியது.
தூக்கிய கையில்
காரணம் எழுதியிருப்பதில்லை.
எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக வந்தது.

நான் பார்த்தது சட்டைக் கைகளை.
அத்தனையும் பருத்தி.

சிரிப்பு வந்தது, கொஞ்சம் கர்வமும்.
அதை மறைக்க
விளக்கைத் தூண்டக் குனிந்தேன்.
திரி.
வெள்ளையாக, மெத்தென்று,
ஒன்பது வருஷமாக என் விரல்களே முறுக்கி
என் விரல்களே கத்தரித்த பருத்தித் திரி.
அந்த வெளிச்சத்தில்தான்
எல்லாரையும் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

புதுக் கட்சி என்று முடிவாயிற்று.
பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்
என்று கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே
சேற்றில் இறங்கிப் போனார்கள்.

காலையில் கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
விறகு, பதினொன்று.
யார் பற்று என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.
குழந்தைக்கே பெயர் இல்லை,
கடனை யார் பெயரில் எழுத?

மத்தியானம் கடைக்குப் போய்
வேறு நாரில் திரி உண்டா என்று கேட்டேன்.
கடைக்காரர் சிரித்தார்.
நேற்று முதல் வரிசையில் கை தூக்கியவர்.

ஆளி நாரில் நானே ஒன்று முறுக்கினேன்.
புகைந்தது. பிள்ளைகள் இருமினார்கள்.
எரியவும் எரிந்தது.