பத்துக்கு எட்டு

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
அந்தப் பட்டியலில்
வேலையில்லாத மெக்கானிக்கல் இன்ஜினியரையும் சேர்க்கலாம்தான்.
ஆனால் எனக்கு வேலை இருக்கிறது.
ஆரணி ரோட்டில், இம்தியாஸ் பாய் கடையில்
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்க்குத்
தலைவர்களைச் சிரிக்க வைக்கிறேன்.

சிரிப்பு சுலபம். தொப்பைதான் கஷ்டம்.
"கொஞ்சம் உள்ள தள்ளு தம்பி, கலர ஏத்து" என்பார்
வார்டு செயலாளர் கஜபதி அண்ணன்.
ஏற்றுவேன்.
வேலூர் வெயிலில் நாற்பது வருடம் காய்ந்த மனிதர்
அரை மணி நேரத்தில் காஷ்மீரில் பிறந்துவிடுவார்.
பின்னால் ஒரு சிங்கம் வேண்டும் அவருக்கு.
என்னிடம் இருப்பது ஒரே சிங்கம்.
மூன்று கட்சிக்கும், ஒரு ரசிகர் மன்றத்துக்கும்,
போன மாதம் கொசப்பேட்டையில் ஒரு காதணி விழாவுக்கும்
அதுதான் கர்ஜித்தது.
இடப்பக்கம் திருப்பினால் எதிர்க்கட்சி.

பாலாற்றில் வெள்ளம் வந்த நவம்பரில்
"பாலாற்றுக்கு நீர் தந்த பகீரதனே" என்று
இரண்டு பேருக்கு அடித்தேன், ஒரே ராத்திரியில்.
ஆந்திராவில் மழை பெய்தது என்று யாருக்கும் அடிக்கவில்லை.
மேகத்தின் சார்பில் அட்வான்ஸ் கொடுக்க ஆளில்லை.

முதல் நாள் முதல் காட்சிக்கு
மன்றத்துப் பையன் தீனா வசனம் கேட்டான்.
"உன் மௌனமே எங்கள் சட்டமன்றம்,
எழுந்து வா தலைவா" என்று எழுதிக் கொடுத்தேன்.
விசிலடித்தார்கள்.
நிஜமாகவே எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று
அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாபு ராவ் தெரு லாட்ஜுகளுக்கு
வங்காள எழுத்தும் ஒட்டுவேன்,
எதைத் தலைகீழாக ஒட்டினேன் என்று தெரியாமல்.
இதுவரை யாரும் திட்டவில்லை.
ஆஸ்பத்திரி டோக்கனைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கு
எழுத்துப்பிழை ஒரு கவலையா.

சாதி கேட்கும் வழக்கம் எனக்கில்லை.
படித்தவன் அல்லவா?
"பார்டர் என்ன கலர்ணே?" என்று மட்டும் கேட்பேன்.
சிலர் கலருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சொல்வார்கள்.
அதுவே போதும், மவுஸ் தானாகப் போய் நிற்கும்.

ஒரு புதன்கிழமை, ஷட்டர் பாதி இறக்கிய பிறகு
ஒரு பையனும் பெண்ணும் குனிந்து உள்ளே வந்தார்கள்.
திருமண வாழ்த்து. இரண்டுக்கு மூன்று போதும்.
வழக்கம்போல் பார்டர் கேட்டேன்.
அவன் அவளைப் பார்த்தான், அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.
"பார்டரே வேணாம்" என்றாள்.
தாய்மாமன் படம்?
இல்லை.
இவண்?
"நாங்களேதான்."
எங்கே கட்டப் போகிறீர்கள் என்றேன்.
காட்பாடியில் ரூம் எடுத்திருக்கிறோம், உள்பக்கச் சுவரில் என்றான்.
நான்கு வருடத்தில், தெருவைப் பார்க்காத
ஒரே பேனர் அதுதான் நான் அடித்தது.
சிங்கம் போடவில்லை.
பாய் பில்லைக் கிழித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு
"கட்டிங் வேஸ்ட்ல எழுதிக்க" என்றார்.

தேர்தலுக்குப் பதினெட்டு நாள் முன்பு
கஜபதி அண்ணன் கட்சி மாறினார்.
போனில் சொன்னார்: "மூஞ்சி இருக்கட்டும். மேல இருக்கறவர மட்டும் மாத்து."
பழைய பத்துக்கு எட்டு, பணம் கொடுத்தது,
சுருட்டி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது அவர் எங்கள் மொட்டைமாடியில் மல்லாந்து கிடக்கிறார்.
அம்மா அவர் நெற்றியில் வடாம் பிழிகிறாள்.
காக்கை ஒன்றுகூட இறங்குவதில்லை.
இந்த வார்டுக்கு அவர் செய்த முதல் நல்ல காரியம்
என்கிறாள் அவள்.

ஏப்ரல் வெயில்.
நான் ஏற்றிய கலரெல்லாம் மெல்ல இறங்குகிறது.
இன்னும் ஒரு வாரம் போனால்
கும்பிட்ட கை யாருடையது என்றே தெரியாது.
சிங்கம் மட்டும் அப்படியே இருக்கிறது,
பல்லிடுக்கில் வெங்காய வடாம் ஒட்டியபடி.