மணிக்கு ஒரு சொட்டு

தக்குவாரெம்போ. ஜூன் மாதத்து விடியல்.
இறைச்சிக் கூடத்தின் ஈரத் தரையில்
வால்டெமார் ஆட்டு மண்டையைப் பிளந்து
எலும்புக் குழியைக் கத்திமுனையால் சுட்டுகிறான்:
"இந்தா, உன் கொண்டைக்கடலை."

அந்தக் குழிக்குத் துருக்கிச் சேணம் என்று பேர்
என்றேன் ஒருநாள்.
நாற்பது வருடம் குதிரையேறியவன்
குனிந்து பார்த்தான்.
"ஏறினவன் சின்ன ஆள்தான்.
ஆனால் மந்தையையே ஓட்டுகிறான்."
இதைவிடச் சரியாக
நான் எந்த ஆய்வேட்டிலும் எழுதியதில்லை.

பனிக்கட்டிக்குள் பத்துச் சுரப்பிகள்.
பேருந்தில் மடிமேல் பெட்டி.
பக்கத்து இருக்கைக்காரர் மாத்தே உறிஞ்சியபடி
மீனா என்றார்.
ஆமாம் என்றேன்.

நொதியில் ஊறவைத்து, பிரித்து, கழுவி,
விரல் தடிமன் குழாயில் செல்களைக் குடிவைத்தேன்.
மணிக்கு ஒரு முறை
பம்பு ஒரு சொட்டு அனுப்பும்:
பத்தே அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு சொல்.
மூளை சொல்ல வேண்டியதை
மூளையில்லாத இடத்தில் நான் சொல்கிறேன்.

சொல் வந்து கதவில் பொருந்தும்.
கதவு திறக்காது. சேதி மட்டும் உள்ளே போகும்.
மடித்துவைத்த பைகளிலிருந்து கால்சியம் பீறிடும்.
ஒரு புரதம் அடுத்ததன் தோளில்
பாஸ்பேட் ஒன்றை ஏற்றிவிடும், அது அடுத்ததற்கு,
கடைசியில் ஒருத்தி உட்கருவுக்குள் நுழைந்து
மரபணுவின் வாசலில் நிற்பாள்.
புதிதாய்ப் பிறந்தவள்.
ஆயுள் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.
அவள் கரையுமுன் அடுத்த சொட்டு வந்தால்
ஒரு ஹார்மோன்.
ஆற அமர வந்தால்
இன்னொன்று.
ஒன்று முட்டையை வளர்க்கும்,
மற்றது வளர்ந்ததை வெளியே விடும்.
இரண்டுக்கும் பாதி உடல் ஒன்றே.
அதே செல். அதே சொல்.
இடைவெளிதான் வேறு.

செவ்வாய் இரவு டைமர் சிக்கிக்கொண்டது.
வால்வு திறந்தது திறந்தபடி.
நான் வீட்டில் புரண்டுகொண்டிருக்க
விடியும்வரை சொல் கொட்டியிருக்கிறது.
மதியத்துக்குள் எல்லாக் குழாய்களையும் அளந்தேன்:
முதலில் ஒரு குன்று. பிறகு
இந்த ஊர்ப் புல்வெளிபோல்
கண்ணுக்கெட்டியவரை தட்டை.

செத்துவிட்டன என்றே நினைத்தேன்.
நீலச் சாயம் விட்டுப் பார்த்தேன்.
செத்த செல் குடிக்கும், உயிருள்ளது தொடாது.
நூற்றில் தொண்ணூற்றிரண்டு தொடவில்லை.
சாகவில்லை, சலித்துவிட்டன:
கதவுகளைக் கழற்றி
உள்ளே எடுத்து வைத்துக்கொண்டன.

எனக்கென்ன, தெரியாததா?
வீட்டுக் குளிர்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில்,
என் பெயர் ஒட்டிய ஊசிகள்.
அதே சொல்தான். சீக்கிரம் சிதையாதபடி
கொஞ்சம் வளைத்து எழுதியது.
"முதலில் அடக்கி வைப்போம், எதெல்மா,
பிறகு நாம் கேட்கும்போது பேசட்டும்"
என்றார் மொன்தெவிதேயோ மருத்துவர்,
என் முகத்தைப் பாராமல், கோப்பைப் பார்த்து.
இரண்டு வாரமாய் உள்ளே உலைச்சூடு.
உறைபனி இரவில் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.
வாஷிங்டன் இரண்டு கம்பளிக்குள் நடுங்குகிறான்,
ஒன்றும் சொல்வதில்லை.

"வீணாய்ப்போன தொகுதி, கொட்டிவிடு"
என்றது மேலிடம், தொலைபேசியில்.
சரி என்றேன். கொட்டவில்லை.
சொல்லை நிறுத்திவிட்டு
வெறும் நீராகாரம் மட்டும் ஓடவிட்டேன்.
ஆறு மணி நேரம். பத்து.
பதினான்காம் மணியில் ஒரு சொட்டு.
ஒன்றே ஒன்று.

மூன்றாவது குழாயில் ஏதோ இருக்கிறது.
குன்று என்று சொல்லமாட்டேன்.
எறும்புப் புற்று உயரம்.
கருவியின் பிழையாகவும் இருக்கலாம்.
மறுபடி அளக்க மாதிரி மிச்சமில்லை.

இரவு ஒன்பது.
அடிவயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடிக்கிறேன்.
உள்ளே, என் சேணத்தில்,
காதைக் கழற்றி மடியில் வைத்தபடி
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.
இன்றைய சொல்லையும் செலுத்துகிறேன்,
கேட்கக் கூடாது என்பதற்காக.