பதினான்காம் மரத்தடி

மோன்பெலியே. ஏப்ரல். வடமேற்கிலிருந்து
மூன்று நாளாய் விடாத காற்று.
நடைபாதையில், பிளேன் மரங்களைச் சுற்றி
ஒரு கதவளவு விட்டுவைத்த மண்.
அதில் மஞ்சள் பூ.
பேர் கேட்காமலே நாய்கள் நனைத்துப் போகும் பூ.

ஒவ்வொரு தலையிலும் இரண்டு வகைப் பிள்ளைகள்.
நடுவில் இருப்பவை வெள்ளை முடி வைத்தவை,
ஊதினால் போய்விடும்.
ஓரத்தில் இருப்பவை மொட்டை, கனம்,
தாயின் காலடியிலேயே பொத்தென்று விழும்.

எண்ணுவதுதான் என் வேலை.
ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்ட வரப்பில்
மொட்டை குறைவு.
இந்தத் தெருவில் கூடுதல்.
கொஞ்சம்தான். ஆனால்
மரத்தடிக்கு மரத்தடி அந்தக் கொஞ்சம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
தூற்றிப் பார்த்த செடிதான் இது:
தார், சிமெண்டு, கார்க் கூரை,
காபிக்கடை நாற்காலி, சாக்கடைக் கம்பிவலை.

"என்ன தேடுறீங்க?" என்றார் அப்தெல்ஹக்,
நகராட்சிப் பச்சை உடை, கையில் நீர்க்குழாய்.
சொன்னேன். சிரித்துவிட்டார்.
"பறந்ததெல்லாம் என் வண்டியிலதான் இருக்கு.
காலையில ஆறு மணிக்கு வந்தா காட்டுறேன்."

ஆக, பத்துப் பன்னிரண்டு தலைமுறையாய்ப்
பொறுக்கி எடுத்தவர் இவர்.
சம்பளம் அதற்கில்லை.

வீட்டோடு இரு என்று எந்தப் பூவும்
எந்த விதைக்கும் சொன்னதில்லை.
பறந்ததற்குப் பேரன் பேத்தி இல்லை, அவ்வளவே.
பரிணாமம் என்று மாயெல் அறிக்கையில் எழுதுவாள்.
எனக்கு இது, பந்தி முடிந்தபின்
மிஞ்சிய இலைகளை எண்ணி
வராதவர்களைத் தெரிந்துகொள்வது.

பதினான்காம் மரத்தில்
ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு பெருக்கல் குறி.
டிராம் பாதை இந்தப் பக்கம் திரும்புகிறது.
ஜூனில் வெட்டு. மண்ணுக்குச் சிமெண்டு.
விழுந்த இடத்திலேயே விழுந்து பிழைத்தவை
இனி எதில் ஏறிப் போகும்?

ராத்திரி. ஆய்வகம். விளக்கடியில் கிண்ணம்.
அந்த மரத்தடியின் கடைசித் தலை: மொட்டை பதினொன்று.
முடி வைத்தவற்றை எண்ணும்போது
மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.
அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று,
தும்மிவிட்டேன்.

மேசைக்கடியில், சட்டைக் கையில், மாயெலின் தலைமுடியில்
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினோம்.
ஒன்று குறைகிறது.
ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது,
வெளியே அதே காற்று.

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
மாயெல் எழுதினாள்:
காணவில்லை, 1.