முப்பது சதவீதம்

நவம்பர் வந்தால் ப்ரேமர்ஹாஃபனில்
நாலு மணிக்கே வானம் கடையைச் சாத்திவிடுகிறது.
வேசர் ஆற்றின் முகத்துவாரத்தில்
மூக்கடைத்தவன்போல் ஒரு கப்பல் ஊதுகிறது.
எங்கள் முன்னறையில் இருநூற்றிருபது லிட்டர் கடல்,
மீனும் உப்பும் கல்லும் ஏற்றாயிற்று,
வெயில்தான் இன்னும் வாங்கவில்லை.

வீப்கேவுக்கு நீலம் வேண்டும்.
இருபதாயிரம் கெல்வின்.
அதில் பவளம் தானாகவே எரிவதுபோல் இருக்குமாம்.
எனக்கு எண்கள் போதும்.
பிறந்ததிலிருந்தே சிவப்பும் பச்சையும்
என் கண்ணில் ஒட்டிப் பிறந்தவை;
மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்தே
நாற்பத்தாறு வருடம் சாலை கடந்துவிட்டேன்.

கடைக்காரர் ஃபோல்கெர்ட்
ஒவ்வொன்றாய்ப் போட்டுக் காட்டினார்.
குழல்விளக்கு பழசுதான், ஆனால் நிழல் விழாது என்றார்,
நிழல் விழும் பக்கமிருந்துதான் பவளம் சாகத் தொடங்கும் என்றார்.
பிறகு ஒரு மெட்டல் ஹாலைடு:
அதன் தலையில் முட்டை பொரிக்கலாம்,
ஆனால் அடியில் மணல்மேல்
வெயில் நெளிந்தது, நிஜ வெயில்.
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மின்கட்டணம் நினைவுக்கு வந்தது.
கடைசியில் எல்.இ.டி. வாங்கினோம்,
கைபேசியில் விடிந்து கைபேசியில் சாய்வது.
விலை சொல்லும்போது மட்டும்
ஃபோல்கெர்ட் மீன்களைப் பார்த்தார்.

"எது அழகாக இருக்கும்?" என்று கேட்டிருந்தாள் வீப்கே.
"யாருக்கு?" என்றார் அவர்.
நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தோம்.

விரல்நீள அக்ரோபோரா ஒன்று, நாற்பத்தைந்து யூரோ.
நுனி ஊதா என்றாள். எனக்குச் சாம்பல்.
கடையில் அது
கீழ்த்தட்டின் மூலையில் மங்கலில் இருந்ததை
நாங்கள் பார்த்தோம், யோசிக்கவில்லை.
அன்றிரவே நூறு சதவீதம் வைத்தாள்.
எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிவரை
எங்கள் நீலம் ஏறியது.

ஐந்தாம் நாள் காலை
முதலில் பார்த்தது நான்.
வெள்ளை.
அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பவளத்தின் தசைக்குள் பாசிகள் குடியிருக்கின்றன,
ஒளியைச் சர்க்கரையாக்கி வாடகை கட்டுகின்றன.
அளவு மீறி ஒளி வந்தால்
அந்தச் சமையலே நஞ்சாகிறது.
வீட்டுக்காரர் வெளியேற்றிவிடுகிறார்.
பிறகு கண்ணாடிச் சதையும்
உள்ளே எலும்பும்,
ஒரு வாரப் பட்டினியும்.

அதற்குப் பிறகுதான் ஒளிமானி இரவல் கிடைத்தது.
கடையின் மூலையில் நூற்றுப்பத்து.
எங்கள் பாறையில் முந்நூற்றெண்பது.
எண்ணை அவளிடம் காட்டினேன்.
காட்டியிருக்க வேண்டாம்.

டிசம்பரில் இன்னொன்று வாங்கினோம்.
முப்பது சதவீதத்தில் தொடக்கம்,
செவ்வாய்தோறும் இரண்டு கூட்டுவது;
குளிர்பெட்டிக் கதவில் கட்டம் போட்ட தாள்.
"பழுப்பாக, அசிங்கமாக இருக்கிறது" என்றாள்.
பழுப்பென்றால் குடித்தனம் நிரம்பியிருக்கிறதென்று பொருள்
என்றேன்; எனக்கு அந்தப் பழுப்பும்
மற்ற எதையும்போலத்தான்.

பழைய எலும்பை எறியவில்லை.
உப்புத் தண்ணீரில் கைவிடுமுன்
மோதிரத்தைக் கழற்றி
அதன் கிளையில்தான் மாட்டுகிறாள்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு மாலை
"ஓனோ, இங்கே வா, நுனியைப் பார்" என்று கத்தினாள்.
குனிந்தேன். ஏதோ இருந்தது,
மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் இளசாக.
என்ன நிறம் என்று கேட்டேன்.
வாயைத் திறந்தாள், மூடினாள்,
கண்ணாடியில் மூக்குப் பட நின்றாள்.

செவ்வாய்க்கிழமை அது.
ஐம்பத்துநான்கு.
பென்சிலைத் தேடிப் போனேன்.